ஸ்டூரே விக்காண்டரின் ஒரு டெசிபல்

நோர்ஷோ ஊரில் ஸ்டூரே விக்காண்டரைப் பிடிக்காதவர்கள் எல்லோரும் வண்டி வைத்திருப்பவர்கள். வண்டி இல்லாத சிலர் மட்டும் அவரை நல்ல மனிதர் என்று சொல்லி வந்தார்கள்.

மர ஆலையைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில் இருந்த வண்டித் தகுதிச் சோதனை நிலையத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. ஒரு டார்ச், நீளக் குச்சியில் கட்டிய ஒரு கண்ணாடி, சத்தம் அளக்கும் கருவி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ பேருடைய கோடைகாலத்தைக் கெடுத்திருக்கிறார். குரல் உயர்த்தியதே கிடையாது. "நான் சொல்லல, கருவி சொல்லுது" என்று வருத்தத்தோடு சொல்லி, குறைகள் எழுதிய தாளை நீட்டுவார். வருத்தம் உண்மையானது என்பதுதான் ஜனங்களுக்கு இன்னும் எரிச்சல்.

மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிற யெர்கர் ஒரே வண்டியை அந்தத் தடவையோடு நான்காவது முறை கொண்டுவந்திருந்தான். பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். வேண்டாததையெல்லாம் கழற்றி, முன் மட்கார்டைத் தூக்கி எறிந்து, பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, தடித்த டயர் போட்டு, பாபர் என்கிற மொட்டை வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். முதல் முறை வெல்டிங்கில் ஓட்டை. இரண்டாம் முறை பிரேக் குழாய் டயரில் உரசியது. மூன்றாம் முறை கண்ணாடியே இல்லை.

"இப்ப என்னய்யா குறை?"

"பின் மட்கார்டு. சக்கரத்த இன்னும் கொஞ்சம் மூடணும்."

"பாபர்னாலே மட்கார்ட வெட்டுறதுதான் ஸ்டூரே. வெட்டாம விட்டா அது எங்க பெரியப்பா மீன் பிடிக்கப் போன வண்டி!"

"வெட்டு, வேணாங்கல. அளவா வெட்டு."

யெர்கர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான். "ஒண்ணு கேக்குறேன். உன் வாழ்நாள்ல ஒரு முக்காலியாவது உன் கையால செஞ்சிருக்கியா?"

கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மனிதர் ஸ்டூரே. யோசித்துப் பார்த்தார். வீட்டுச் சமையலறை அலமாரியைக்கூட மனைவி மாய்கென்தான் மாட்டினாள். "இல்ல" என்றார்.

"அப்ப இந்தா, நீயே வெச்சுக்கோ. நீயே கட்டு. கிழிக்கிறதப் பாக்கலாம்."

சாவியை மேசைமேல் எறிந்து, பதிவுத்தாளின் பின்புறம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, பனிமழையில் நாலு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனான் யெர்கர். மூடும் நேரத்துக்குப் பிறகு நிலையத்துக்குள் வண்டி நிற்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆகவே ஸ்டூரே அதைத் தன் காருக்குப் பின்னால் இழுவைப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி மாய்கென், மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். "யாரோடது இது?"

"என்னுது போலிருக்கு" என்றார் ஸ்டூரே.

கோபம் தணிந்ததும் வந்து எடுத்துக்கொள்வான் என்று காத்திருந்தார். யெர்கர் வரவில்லை. இரண்டு பேர் சொகுசாக உட்கார்ந்து போகிற பெரிய பயண வண்டி ஒன்றை வாங்கிவிட்டான் என்று செய்தி மட்டும் வந்தது. அதற்குள் அக்டோபர் ஆகிவிட்டது, குளிர் இறங்கிவிட்டது. கார் ஷெட்டில் வண்டி சும்மாதான் நிற்கிறது, அதிலுள்ள எல்லாப் பிழைகளையும் முழுசாக எழுதி யெர்கருக்கு அனுப்பிவைத்தால் அவனுக்கு உபயோகமாக இருக்குமே என்று ஸ்டூரேவுக்குத் தோன்றியது. நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்.

டிசம்பருக்குள் பட்டியல் அறுபத்தொன்றைத் தொட்டது. பிழைகளைத் தேடுவதற்காக ஒவ்வொன்றாகக் கழற்றியதில், அறுபத்தொன்றாவது பிழை கிடைத்தபோது வண்டி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில், பெயர் ஒட்டி, அகர வரிசைப்படி இருந்தது. ஸ்டூரே நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். குறை கண்டுபிடிக்கிற வேலை முடிந்துவிட்டது. அதற்கடுத்த வேலை என்று ஒன்று இருக்கிறது என்பது இருபத்தாறு வருடத்தில் அவருக்குத் தெரிய வந்ததே இல்லை.

வேறு வழியில்லாமல் கட்ட ஆரம்பித்தார்.

திருகாணிகளில் பிரச்சினை இல்லை. எதை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று புத்தகத்தில் எண் இருந்தது. புதிதாக வாங்கிய முழு மட்கார்டில்தான் மாட்டிக்கொண்டார். எதுவரை வெட்டலாம் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாணில் எங்கே வெட்டினாலும் சட்டப்படி சரி. எங்கே வெட்டினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. நீல டேப்பை ஒட்டினார், பின்னால் போய்ப் பார்த்தார், உரித்தார், ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று.

நாலாவது ஞாயிறு மாய்கென் ஏலக்காய் ரொட்டியை மென்றபடி ஷெட்டுக்குள் வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். விரலை வைத்தாள். "இங்க."

"ஏன் இங்க?"

"ஏன்னா? பாத்தாலே தெரியுதே."

"அளவு என்ன கணக்குல சொல்ற?"

"கணக்கா? மாவு பதம் பாக்குறதுக்கு எந்தக் கணக்க நான் பாத்தேன்? வெட்டுப்பா, டீ ஆறுது."

வெட்டினார். சரியாக இருந்தது. எப்படிச் சரியாக இருந்தது என்று ஒரு வாரம் அவருக்கு மனசு ஆறவில்லை.

வெல்டிங் தெரியாது. ஊரில் நன்றாக வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் அவரிடம் தாள் வாங்கியவர்கள். கடைசியில் யெர்கருக்கே போன் செய்தார். மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை யெர்கர் வெல்டிங் இயந்திரத்தோடு வந்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் முன்னால் நின்றான்.

"அறுபத்தொண்ணா? எங்கிட்ட மொத்தமே நாலுதான் சொன்ன!"

"மீதிய இப்பதான் பாத்தேன். மன்னிச்சுக்கோ, அப்பவே பாத்திருக்கணும்."

"அடப்பாவி, இதுக்கு மன்னிப்பு வேறயா?"

யெர்கர் பற்றவைத்தான். ஸ்டூரே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இரண்டு இடத்தில் ராவிவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். யெர்கர் அவருடைய வம்சத்தையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தான். மாய்கென் காபி கொண்டுவந்தாள். அதற்கப்புறம் சனிக்கிழமை காலைகளில் அவன் வருவது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது குளிர்காலத்தில் ஷெட்டில் அவனுக்கென்று தனிக் கோப்பையே இருந்தது. நண்பன் என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆண்கள் அதையெல்லாம் சொல்வதில்லை.

ஏப்ரல் மாதம், பனி உருகித் தெருவில் மணல் மட்டும் கிடந்த ஒரு காலையில், அடர் பச்சை டேங்கோடு வண்டி வெளியே வந்தது. சைலன்சர் இரண்டையும் ஸ்டூரே தானே குட்டையாக வெட்டியிருந்தார். நீளமாக இருந்தபோது கோடு கெட்டுப்போயிற்று என்றார். கோடு என்ற சொல்லை வரம்பு என்றில்லாமல் அழகு என்ற அர்த்தத்தில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது உதையில் எஞ்சின் உயிர் பிடித்தது. நெஞ்செலும்புக்குள் யாரோ முட்டியால் தட்டுகிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டது.

ஸ்டூரே முகமெல்லாம் மலர, படியில் நின்ற மாய்கெனைப் பார்த்தார். "அமைதியா ஓடுது, இல்ல?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்த மாய்கென், "என்னது?" என்றாள்.

"அமைதியா ஓடுதுன்னேன்!"

"ஒண்ணும் கேக்கல!"

தன் வண்டியைத் தானே சோதிக்க முடியாது. பெரிட்தான் சோதித்தாள். பத்து வருடமாகப் பக்கத்து மேடையில் வேலை செய்கிறவள், அதிகம் பேசமாட்டாள். ஸ்டூரே முதல்முறையாக வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு ரொம்பத் தாழ்வு. முழங்கால் முகவாயில் இடித்தது. இத்தனை வருடம் இதில் உட்கார்ந்தவர்கள் ஏன் எரிந்து விழுந்தார்கள் என்பது அவருக்கு லேசாக விளங்கியது.

பெரிட் ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். வண்டிச் சட்டம், பிரேக், விளக்கு, மட்கார்டு, எல்லாம் சரி. கடைசியாகச் சத்தம் அளக்கும் கருவியை எடுத்தாள்.

"ஒரு டெசிபல் ஜாஸ்தி."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணு."

"காத்து அடிக்குது பெரிட். இன்னொரு தடவ பாரேன்."

பார்த்தாள். அதே எண்.

"கருவிய சரிபார்த்தாங்களா இந்த வருஷம்? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

பெரிட் கருவியைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் சரிபார்த்த தேதி ஒட்டியிருந்தது. கீழே கையெழுத்து: எஸ். விக்காண்டர்.

"நான் சொல்லல" என்று ஆரம்பித்தாள் பெரிட்.

"தெரியும், தெரியும்" என்று தாளை வாங்கிக்கொண்டார். காதுமடல் சிவந்திருந்தது. ஒரு டெசிபலுக்காக ஒரு மனிதனை இப்படித் திருப்பி அனுப்புவார்களா என்று நினைத்தார். இந்த நினைப்பு முன்பே யாருக்காவது வந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

வேலிக்கு வெளியே யெர்கர் பிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தான். நாலைந்து பேரைக் கூட்டியும் வந்திருந்தான். எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

"ஒரு டெசிபலா? இதுக்குப் போயி சைலன்சர மாத்துவாங்களா? கம்பி நார் போதும்ப்பா."

"எந்தக் கம்பி நார்?"

"பாத்திரம் தேய்க்கிறது. உருட்டி உள்ள திணி. பாஸ் ஆனதும் பிடுங்கி எறி."

ஸ்டூரே தாளை மடித்துப் பையில் வைத்தார். "இத எத்தன பேரு பண்றாங்க?"

"எத்தன பேரு பண்ணலன்னு கேளு. சீக்கிரமா சொல்லி முடிச்சிடலாம்."

அத்தனை வருட ஏப்ரல்களும் அவர் கண்முன்னால் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்து.

அவர் கோபப்பட்டு வீட்டுக்குப் போய் நல்ல சைலன்சர் வாங்கியிருக்கவேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் போனார். ஆனால் வழியெல்லாம் வண்டி நெஞ்சில் தட்டுகிற அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே வந்தது. புதன்கிழமை சமையலறையில் நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, "கம்பி நார் இருக்கா?" என்று கேட்டார்.

மாய்கென் எதற்கென்று கேட்காமல் இரண்டு உருண்டை எடுத்துக் கொடுத்தாள். "பள்ளிக்கூடத்துக்கு வாங்கினது, பாத்து எடுத்துக்கோ. வருஷாவருஷம் ஏப்ரல் வந்தா கடையில இது மட்டும் காலியாயிடுது. ஏன்னே தெரியல."

வியாழக்கிழமை கருவி முன்னைவிட ஒன்றரை டெசிபல் குறைவாகக் காட்டியது. பெரிட் தாளில் கையெழுத்துப் போட்டாள். மளிகைக் கடையின் பின்பக்கத்தில், பாட்டில் திருப்பிக் கொடுக்கிற இடத்துக்கு அருகே, ஸ்டூரே குறடால் நாரை இழுத்து வெளியே எடுத்தார். தபால்காரர் கடந்துபோனபோது செருப்பு வார் மாட்டுவதுபோல் குனிந்துகொண்டார். காலில் இருந்ததோ பூட்ஸ்.

வெள்ளிக்கிழமை காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பெரிட்டிடம் போனார்.

"பெரிட், நேத்து சைலன்சருக்குள்ள..."

"தெரியும். ஒரு நார் வெளிய தொங்கிட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் விட்ட?"

"கருவி என்ன காட்டுதோ அதத்தான் எழுதணும்னு நீதானே சொல்லுவ. கருவி சரின்னு காட்டுச்சு." தன் காபியை ஒரு வாய் குடித்தாள். "ஒரு வாரமாவது நீ தாங்குவேன்னு நெனச்சேன் ஸ்டூரே. ஒரு நாள்கூடத் தாங்கலியே."

அன்று மதியமே அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, சைலன்சருக்குள் நிரந்தரத் தடுப்புத் தகடு வைக்கச் சொன்னார். சாவு வீட்டுக்கு வந்தவன்போல் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் யெர்கர் பற்றவைத்தான். அதற்குப் பிறகு வண்டி தையல் இயந்திரம் மாதிரி ஓடியது. இரண்டாவது, ஒரு நீளக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, நிலையத்தில் டார்ச்சுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மே முதல் வாரத்தில் கொக்கி ஒரு கூடை நார் பிடித்தது. ஒன்று நார்கூட இல்லை, கம்பளிக் காலுறை. வண்டி கட்டிய அனுபவத்தில் வேறு பல விஷயங்களும் அவருக்கு இப்போது தெரிந்திருந்தன. தளர்ந்த திருகாணியைப் பெயின்ட் எப்படி மறைக்கும், எந்த விரிசலில் கிரீஸ் தடவுவார்கள், கடன் வாங்கிய கண்ணாடியை எத்தனை நிமிஷத்தில் மாற்றலாம். கட்டிப் பார்த்தால் ஆள் இளகிவிடுவார் என்று எண்ணியிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். "முன்னெல்லாம் பாத்துட்டுக் குறை சொல்லுவாரு, இப்ப வண்டி உள்ள வர்றதுக்கு முன்னாடியே சொல்றாரு" என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். யெர்கர் மூன்று சனிக்கிழமை வரவில்லை. நாலாவது சனிக்கிழமை வந்து, வெல்டிங் இயந்திரத்தை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னான். காபி குடித்தான். இயந்திரத்தை எடுக்காமலே போய்விட்டான்.

ஜூனில் ஏரிக்கரையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுகிற நாள் வந்தது. ஸ்டூரே வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். யெர்கரும் தன் பெரிய வண்டியில் வந்து காத்திருந்தான். மாய்கென் தோல் மேலங்கி, புது ஹெல்மெட், கையில் ரொட்டிப் பையோடு இறங்கி வந்தாள். பச்சை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் எங்க உக்காரட்டும்?"

ஸ்டூரே வண்டியைப் பார்த்தார். சுருள்வில் மேல் ஒரே ஒரு சீட். அதற்குப் பின்னால் அவளே விரல் வைத்துக் காட்டிய மட்கார்டு, அப்புறம் வெறும் காற்று. இரண்டு குளிர்காலம் ஆயிரம் அளவு எடுத்தவருக்கு, இந்த ஒரு அளவு ஞாபகம் வந்திருக்கவில்லை.

"பாபர்னா ஒரு ஆளுதான் மாய்கென்..." என்று இழுத்தார்.

"அப்படியா. சரி" என்றாள். ரொட்டிப் பையோடு போய் யெர்கருக்குப் பின்னால் ஏறி, முதுகுச் சாய்வில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"பயப்படாத, பத்திரமா கொண்டுபோயிடறேன்!" என்று யெர்கர் கத்தினான். கத்தவேண்டித்தான் இருந்தது. அவன் வண்டியின் சத்தம் அப்படி.

ஏரிச் சாலையில் பிர்ச் மரங்கள் புது இலை விட்டிருந்தன. முன்னால் யெர்கர், பின்னிருக்கையில் மாய்கென் எதற்கோ தலையைத் தூக்கிச் சிரிப்பது தெரிந்தது. தன் வண்டியிலிருந்து தையல் ஓசை தவிர வேறொன்றும் ஸ்டூரேவுக்குக் கேட்கவில்லை. முன் வண்டியின் சத்தம் மட்டும் காற்றில் கனமாக வந்து நெஞ்சில் தட்டியது. அளவைவிட மூன்று டெசிபல் ஜாஸ்தி, கருவியே வேண்டாம். இரண்டு வண்டிக்கு இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் பத்து மீட்டர் நெருங்கி ஓட்டினார்.