இடது வளைவில் மட்டும் எரிந்த விளக்கு

எங்கள் காரை வாரத்தில் ஆறு நாள் ஓட்டுபவள் என் மனைவி. பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து, வெள்ளறடையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போய்வர அதுதான் வாகனம். எனக்கு அலுவலகம் நெய்யாற்றின்கரையில். பஸ்ஸோ ரயிலோ, எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாவி என் கைக்கு வரும். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு, அந்தக் காரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வந்து, "வண்டியில ஒரு சிவப்பு லைட்டு எரியுது. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. எரிஞ்சிட்டு அணைஞ்சு போச்சு" என்றாள்.

"ஹேண்ட் பிரேக்க முழுசா எறக்கியிருக்க மாட்ட. அதாக்கும்" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

"எறக்கிட்டுத்தான் போனேன்."

"லிவர் ஒரு பல்லு மேல நின்னாலும் எரியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும், அவள் வண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்று "எறக்கினியா?" என்று கேட்பது என் வேலையானது. ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய ரோட்டில் நெய்யாற்றின்கரை சந்தை வரை ஓட்டிப் போய் வந்தேன். விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. "பாத்தியா, நான் ஓட்டினா எரியல்ல" என்றேன். வெறும் வயிற்றில் வரச் சொன்ன ஆள் இட்லி தின்றுவிட்டு வந்து கையை நீட்டினால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

இதற்குள் விஷயம் என் மச்சினன் காதுக்குப் போயிருந்தது. அவளுக்குத் தம்பி. வளைகுடாவில் சில வருஷம் வண்டி ஓட்டியவன். எங்கள் வீட்டுக்கு வந்ததும் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், இது சென்சார் கம்ப்ளைன்ட் ஆக்கும். எல்லா வண்டிக்கும் உண்டு. பயப்படாண்டாம்."

சொல்லிக்கொண்டே, மேலே இருந்த கண்ணாடியின் ஓரத்தில் அவன் அக்கா ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றை எடுத்து, அந்த விளக்கு எரியும் இடத்தின் மேல் ஒட்டினான். "இனி எரிஞ்சாலும் தெரியாது."

"காய்ச்சக்காரன் வாயில இருந்து தெர்மாமீட்டர உருவி எறிஞ்சா காய்ச்சல் போயிருமாலே?" என்று அவள் பொட்டைப் பிய்த்தெடுத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன். சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு எப்போதெல்லாம் எரிந்தது என்று லேபுக்குப் போய்ச் சேர்ந்ததும் நினைவாக எழுதி வைத்திருக்கிறாள்.

"எட்டு தடவ. எல்லாம் இடது பக்க வளைவு, இல்லெங்கி எறக்கம். நேர் ரோட்டில ஒருக்கலும் இல்ல. ஹேண்ட் பிரேக்குக்கு இடது வலது தெரியுமா?"

சாம்பார் கொஞ்சம் விடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக வெள்ளறடை ரோட்டில் போனோம். நான் ஓட்டினேன், மச்சினன் பின்னால். ரப்பர் தோட்டத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பி இறங்கும் வளைவில், சிவப்பு விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. என் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. அது தரையோடு தரையாகக் கிடந்தது.

"வளைவில மட்டும் எரியுதுன்னா, உள்ளுக்க ஏதோ தண்ணி மாதிரி ஒண்ணு சரியுது" என்றாள் அவள். ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில், கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும்போது விளக்கு எரிந்திருக்கிறது.

மச்சினன் சந்திப்புக் கடைக்கு ஓடிப்போய் ஒரு டின் வாங்கிவந்து, டப்பாவில் பாதியும் மட்கார்டில் கொஞ்சமுமாக ஊற்றி, விளிம்பு வரை நிறைத்தான். திரும்பவும் அதே வளைவில் இறங்கிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. அவன் கை தட்டினான்.

"ரத்தம் கொறஞ்ச ஆளுக்கு ரத்தம் ஏத்தியாச்சு, செரி" என்றாள் அவள். "கொறஞ்ச ரத்தம் எங்க போச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இறக்கத்தில் இவள் தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வாசலில் நின்று ஒரு பல்லைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீடு வரைக்கும் வண்டியை ஊர்ந்துதான் ஓட்டி வந்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப்போனார்.

மறுநாள் நாங்கள் இருவரும் லீவு போட்டோம். மச்சினனும் கூட வந்தான். ஒர்க்ஷாப் மேஸ்திரி குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை எடுத்துக் காட்டினார்.

"பப்படம் ஆயாச்சு. பேட் தேயத் தேய ஆயில் கீழ எறங்கும். லைட்டு எரிஞ்சது நல்லதுக்காக்கும்."

புதிய பேடைப் போடுவதற்காகச் சக்கரத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும், மேலே டப்பாவிலிருந்து ஆயில் பொங்கி வழியப் பார்த்தது. "ஆரு இத இப்பிடி நெறச்சது?" என்றார். மச்சினன் பக்கத்துத் தென்னையில் எத்தனை குலை என்று எண்ண ஆரம்பித்தான். அவன் முந்தின நாள் சிந்திய இடத்தில் மட்கார்டு பெயின்ட் தோல் உரிந்து நின்றது.

மேஸ்திரி மிச்ச ஆயிலை எடுக்க ஒரு பெரிய சிரிஞ்சைக் கொண்டுவந்தார். அதைக் கண்டதும் என் மனைவி கையை நீட்டினாள். "தாங்க, நான் எடுக்கேன்." மேல்கோடு வரை அளவாக உறிஞ்சி எடுத்தாள். ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள். புதிய பிரேக் எப்படி என்று பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருமுறை அழுத்தினாள்; வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

"நான் சொன்னது தப்புதான்" என்றேன்.

"என்னது?"

"உன்னைக் குத்தம் சொன்னது."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பின்னால இருக்கவனுக்குக் கேக்காண்டாமா?"

சத்தமாகவே சொன்னேன். அவள் சிரித்து, ஒரு சாயாக்கடை முன்னால் வண்டியை ஒதுக்கினாள். பழம்பொரி அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. ஆளுக்கு இரண்டு தின்றோம்.