வேதசிரோமணி சாரின் ரிவர்ஸ் விளக்கு

கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி சாருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு சம்பளத்துக்குத்தான், நடத்துவதற்கு இல்லை.

வாசலில் நிற்பது எண்பத்திரண்டாம் வருடத்து வெளிநாட்டுக் கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். அந்தப் பெருமையை எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவனுக்கு அவர் விளக்காத வாரம் இல்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மனைவி மெட்டில்டா நின்று வழி சொல்வார். சார் கேட்காமல் கேட் தூணில் உரசுவார். போன வருடம் அந்தத் தொல்லையே வேண்டாமென்று, ரிவர்ஸ் போட்டால் கிறிஸ்துமஸ் பாட்டு பாடும் பெட்டி ஒன்றை வாங்கி டிக்கிக்குள் தன் கையாலேயே மாட்டினார். தூணில் உரசுவது நிற்கவில்லை. மனைவியின் குரல் கேட்பது மட்டும் நின்றது.

மார்ச் முதல் வாரம், சில நாளாக எடுக்காமல் நின்ற வண்டியோடு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் போடச் சொன்னார். விளக்கும் எரியவில்லை, பாட்டும் வரவில்லை. சரிசெய்து கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியை விற்கச் சொல்லி நெடுநாளாக நச்சரிக்கும் மகன் ஜோனத்தான் சிறுசேரியிலிருந்து போன் செய்தபோது, சார் ரோஷத்தில் வாக்குக் கொடுத்தார். அடுத்த தடவையும் விளக்கு எரியவில்லையென்றால் வண்டி காயலான் கடைக்கு. போனை வைத்ததும் வாசலுக்குப் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வண்டி மேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். பிறகு விஞ்ஞானி ஆனார். விளக்கும் பாட்டும் சேர்ந்தே செத்திருப்பதால் கோளாறு மூலத்தில்தான், அதாவது ஸ்டார்ட்டுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்விட்சில்தான் என்று தீர்ப்பு எழுதினார். பதினைந்து நாள் வண்டிக்கு அடியில் கிடந்து அதைக் கழற்றி மாட்டினார். அதன் பலனாக, பார்க்கிங் கியரில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வண்டி நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆனது. ஸ்ரீநிவாசராகவனிடம் இதுதான் அதிகப் பாதுகாப்பு என்று சொன்னார். என்ன கோளாறு என்று மெட்டில்டா இரண்டு முறை கேட்டதற்கு, உனக்குப் புரியாது என்று இரண்டு முறை பதில் கிடைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறும் வந்துவிட்டது. மறுநாள் மறுபரிசோதனை. வேறு வழியில்லாமல் குரோம்பேட்டையிலிருந்து மெக்கானிக் துளசிங்கத்தை வரவழைத்தார். முதலில் அவனுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அவன் தலையை ஆட்டிவிட்டு ஸ்விட்சை ஒழுங்காக உட்கார வைத்தான். வண்டி பழையபடி பார்க்கிங் கியரில் ஸ்டார்ட் ஆனது, ஆனால் விளக்கு எரியவில்லை. பிறகு டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினான். பாட்டுப் பெட்டிக்கு அருகே வயர் இணைப்பு ஒன்று பிரிந்து கிடந்தது. இரண்டு முனைக்கும் பாலிதீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"இது எலி கட்ச்சது இல்ல சார். யாரோ பத்தரமா கட்டி வெச்சிக்கீறாங்க."

கறிவேப்பிலையை இப்படிக் கட்டி வைக்கும் ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். டீயோடு வந்த மெட்டில்டா எட்டிப் பார்த்தார்.

"நான்தான் கழட்டினேன். துக்கம் அனுசரிக்கிற லெந்து நாள்ல கிறிஸ்துமஸ் பாட்டு நல்லாயில்ல, கழட்டிடட்டுமான்னு லெந்து ஆரம்பிச்ச சாம்பல் புதன் அன்னிக்கே கேட்டேனே. பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, 'செய், செய்'னீங்க. விளக்கையும் அதே வயர்ல கோத்து வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

துளசிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். பெட்டியை ஒதுக்கிவிட்டு விளக்கின் வயரை மட்டும் இணைத்தான். வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டியையும் மாட்டிவிடட்டுமா என்று கேட்டான். சார் மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

மெட்டில்டா வேண்டாம் என்றார்.

மறுநாள் பரிசோதனையில் வண்டி தேறியது. வீடு திரும்பி, வண்டியைப் பின்பக்கமாக உள்ளே எடுத்தார். பாட்டு இல்லாததால் தெருவே அமைதியாக இருந்தது. பின்னால் நின்ற மெட்டில்டா, "வாங்க, வாங்க, போதும்" என்றார்.

சார் பிரேக்கை மிதித்தார். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.