சீன மலைக்கு ஒரு இன்வர்ட் சீல்

சென்ற வாரம் நண்பர் ரகுபதி போன் செய்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாக மேனேஜர். பேப்பரில் பட்ட சீல் மையை அழிக்க வழி இருக்கிறதா என்றார். என்னிடம் ஏன் கேட்கிறார்? நான் சீன சினிமா பற்றி எழுதுகிறவனாம். படம் பார்க்கிறவனுக்கு மை அழிக்கத் தெரியுமா?

ஆனாலும் கும்மிடிப்பூண்டி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் நின்றேன். வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

விஷயம் இதுதான். அவர்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதை ஓட்டிக் காட்ட வரும் இன்ஜினியர் லின், தனக்கு முன்பே ஒரு பரிசை கூரியரில் அனுப்பிவிட்டார். அவர் மனைவி வரைந்த சுருள் ஓவியம். கீழே நாலைந்து மரம், மேலே ஒரு மலை, நடுவில் பனி... பனி என்றால் எதுவுமே வரையாத வெள்ளைத் தாள். பழைய சீன ஓவியர்கள் அப்படித்தான் விட்டுவைப்பார்கள். இன்றைய சீனப் படங்களிலும் அது உண்டு — கேமரா அசையாமல் ஆற்றையே காட்டிக்கொண்டிருக்கும். படம் நின்றுவிட்டதோ என்று நாம் ரிமோட்டைத் தேடுவோம்.

அந்தப் பனியின் நடுவில், நீல மையில், கம்பெனியின் இன்வர்ட் சீல்.

வைத்தவர் கேட் செக்யூரிட்டி ஏழுமலை. உள்ளே வரும் சரக்கின் பில்லில் சீல் வைப்பது அவர் வேலை. பரிசுக்கு ஏது பில்? பிரித்துப் பார்த்தவர், தாளிலேயே வைத்துவிட்டார்.

"படத்து மேல படாம, வெள்ளையா இருந்த எடமா பார்த்துக்கினுதான் சார் வெச்சேன். இதுல இன்னா தப்பு?" என்றார் என்னிடம். பழவேற்காடு ஏரியில் மீன்பாடு குறைந்து, இந்த வேலைக்கு வந்தவர். திங்கட்கிழமை முதல் வேறு ஆள் அனுப்பும்படி ஏஜென்சிக்கு ரகுபதி சொல்லியாகிவிட்டது. "ஊட்ல இன்னும் சொல்லல சார்" என்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மதியமே லின் வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. ரகுபதி ஆங்கிலத்தில் மன்னிப்பை ஆரம்பித்தார். லின் காதில் வாங்கவே இல்லை. குனிந்து அந்த நீல வட்டத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

அவர்கள் ஊரில், ஓவியத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் அதன் மேலேயே தங்கள் முத்திரையைக் குத்துவது பழைய வழக்கமாம். கை மாற மாற முத்திரை கூடும். ராஜாக்கள் இன்னும் மோசம் — பிடித்த படம் என்றால் குத்திக் குத்தி, மலையைத் தேட வேண்டியிருக்கும். மியூசியப் படங்களில் அந்தச் சிவப்புக் கட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் மனைவி வரைகிறாள். யாரும் வாங்கியதில்லை. அவள் படத்தில் இன்னொருவர் முத்திரை விழுவது இதுதான் முதல் தடவை" என்றார் லின்.

போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. முத்திரை வைத்தது யார் என்று கேட்கிறாராம். லின் ஏழுமலையை வரவழைத்து, பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாக டைப் செய்து அனுப்பினார். ரகுபதி மெல்ல வெளியே போனார். வேறு ஆள் வேண்டாம் என்று ஏஜென்சியிடம் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

ஆக, சீனாவில் ஒரு வீட்டில் ஏழுமலை இப்போது கலைப்பொருள் சேகரிப்பாளர். இங்கே திங்கட்கிழமை அவருக்குக் காலை ஷிஃப்ட் — அவர் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னது இந்த இரண்டாவது செய்தியை மட்டும்தான்!