பன்னிரண்டாவது கட்டம்

புவனா அன்ரி காலமான செய்தி எனக்கு பிறம்ரனில், வெயர்ஹவுஸின் சாப்பாட்டு அறையில் கிடைத்தது. நான் வேலையில் நிற்கும்போது அப்பா எனக்குப் போன் எடுப்பதில்லை. அன்றைக்கு எடுத்தார்.

"பிள்ளை, புவனாக்கா போட்டா."

சொல்லும்போதே அவருடைய குரல் உடைந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. யூனிவர்சிற்றியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டேன் என்று நான் வந்து சொன்ன அன்றைக்கு இதே மனிதர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். குரல் உடையவில்லை. அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இந்த முப்பத்தொராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அன்ரியின் மகன் கேட்டபோது, "நான் அவவில பொறாமைப்பட்ட ஆள், பரவாயில்லையோ?" என்று கேட்டேன். "அப்ப நீர்தான் அம்மாவை வடிவாக் கவனிச்சிருப்பீர்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அன்ரியைத் தெரியாதவர்களுக்காக: புவனேஸ்வரி அன்ரி வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் பதினொராம் மாடியில் இருந்தவர். கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவர். தனக்கு வரவேண்டிய ஜேர்மனிப் பென்சனுக்குத் தானே கடிதம் எழுதி, தானே சண்டை பிடித்து எடுத்தார். அதைக் கேள்விப்பட்டு ஒருவர் வந்தார். பிறகு பலர் வந்தார்கள். பிரான்சில் தட்டுக் கழுவியவர்கள், ஜேர்மனியில் பீட்சா போட்டவர்கள், சுவிசில் ஹோட்டல் கட்டில் விரித்தவர்கள். மூன்று நாட்டு வேலையும் செய்துவிட்டுக் கடைசியில் ரொறன்ரோ வந்து சேர்ந்தவர்கள். எல்லோர் கையிலும் ஷொப்பிங் பை, பைக்குள் மடங்கிப்போன கடதாசிகள். அன்ரி அவர்களிடம் வாங்கிய ஒரே கூலி பழைய கலண்டர்.

வீட்டு மேசை காணாது என்று, கீழே லோன்றி அறையில் உடுப்பு மடிக்கும் நீட்டு மேசையில்தான் சனிக்கிழமைகளில் வேலை நடக்கும். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறுவார். ஒரு கட்டம் ஒரு மாதம். பிரான்சுக்கு நீலம், ஜேர்மனிக்குப் பச்சை, கனடாவுக்குச் சிவப்பு. வேலைக்கு ஆதாரம் இல்லாத மாதம் வெள்ளை. அந்த வெள்ளையை நிரப்புவதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது. அன்ரி யாரிடமும் திகதி கேட்கமாட்டார். கேட்டாலும் ஒருவருக்கும் ஞாபகம் வராது. "அப்ப இருந்த அறையில ஆரார் படுத்தவை?" என்று கேட்பார். அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்பாவும் தன் பென்சனுக்காக அங்கே போகத் தொடங்கினார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஹைவேயில் கார் ஓடப் பயம். விட்பியிலிருந்து நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். முதல் இரண்டு கிழமையும் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருந்தேன். மூன்றாம் கிழமை போனில் சார்ஜ் முடிந்தது, உள்ளே போனேன். கதவடியிலேயே அப்பாவின் சிரிப்புக் கேட்டது. அவர் சத்தம் போட்டுச் சிரிப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"அஞ்சு பேருக்கு மூண்டு மெத்தை அக்கா. ஒருத்தன் எழும்ப மற்றவன் படுப்பான். மெத்தை ஆறாது."

"குறட்டை விட்டது ஆர்?"

"யோகன்! அவன்ர குறட்டைக்குக் கீழ் வீட்டுக் கிழவி தும்புத்தடியால முகட்டில இடிப்பா."

"கிழவி இடிக்கேக்க ஹீற்றர் போட்டிருந்ததோ?"

அப்பா கண்ணை மூடி யோசித்தார். "இல்லை. ஜன்னல் திறந்து கிடந்தது. அதாலதான் அவ பேசினது எங்களுக்குக் கேட்டது."

"அப்ப கோடை. நீங்கள் இலையுதிர்காலத்தில வேலை துவங்கினனான் எண்டு சொன்னது பிழை." அன்ரி மூன்று கட்டங்களில் பச்சை தீட்டினார். பிறகு என்னைக் கண்டார். "இது ஆர், கார்ப்பிள்ளையோ? காருக்குள்ள என்ன அடைகாக்கிறீரோ?"

எனக்கு எரிந்தது. அப்பா ஜேர்மனியில் இருந்தவர் என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்ட முழுக் கதை. இவ்வளவு பேச்சு இந்த மனிதருக்குள் இருந்ததென்றால், எங்களுக்கு மட்டும் ஏன் 'லைற்றை நிப்பாட்டு', 'ஹீற்றைக் குறை'? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். "நல்லதுதானே, சனிக்கிழமையாவது வீடு அமைதியாக் கிடக்கு" என்றார். அம்மாவுக்கு வராத பொறாமை எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் உள்ளே போய், ஓடாத மெஷின் ஒன்றின் மேல் ஏறி இருந்து கேட்டேன். அப்பாவின் தாளில் பிரான்ஸ் ஆறு வருடம் நீலமாக நின்றது. ஜேர்மனியில் பச்சைக் கட்டம் பதினொன்றுதான், ஒரு வருடம்கூட இல்லை.

"அஞ்சு வருசம் இல்லாட்டி ஜேர்மன்காரன் தரமாட்டான் எண்டு சொல்லுறாங்கள் அக்கா."

"அஞ்சு வருசம் எண்டது கதவு. பிரான்ஸ் மாசங்களையும் சேர்த்துக் காட்டிக் கதவைத் திறக்கலாம். ஆனா உள்ளுக்குப் போனாப் பிறகு ஒவ்வொரு நாடும் தன்ர மாசத்துக்கு மட்டும்தான் தரும்."

"அப்ப சரிதானே."

"சரியில்லை. ஒரு வருசத்துக்குக் குறைஞ்சா அந்த நாடு தனியப் பென்சன் தராது. உங்கட பச்சையில ஒண்டு காணாது." அடிமட்டத்தால் பன்னிரண்டாவது கட்டத்தைத் தட்டினார். "ஒரு நாள் வேலை செய்து கட்டியிருந்தாலும் அங்க அது முழு மாசம். எப்ப வேலையை விட்டு நிண்டனீங்கள்?"

"முப்பத்தொராம் திகதி" என்றார் அப்பா, உடனேயே.

அன்ரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு, கறுப்புப் பென்சிலால் அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்த மாதத்தில்தான் அன்ரிக்குச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அதே நேரம், அன்ரி முன்பே அனுப்பியிருந்த விண்ணப்பத்துக்கு ஜேர்மனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசியாக வேலை செய்த நாள் எது என்று ஒரே ஒரு கேள்வி. 'அக்கா வரட்டும்' என்றார் அப்பா. எனக்கு அது பிடிக்கவில்லை. அன்ரி இல்லாமலும் நடக்கும் என்று காட்டவேண்டும். கடிதத்தைப் போனில் போட்டு மொழிபெயர்த்தேன், முப்பத்தொன்று என்று நிரப்பினேன், அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டுவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஒரு வருடத்துக்குக் குறைவு, ஆகவே பென்சன் இல்லை. மறுப்பு எழுதுவதென்றால் மூன்று மாதத்துக்குள் எழுதவேண்டும்.

தனியாக வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். அன்ரி பாதியாக மெலிந்து வீடு வந்திருந்தார். கடிதத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னில உமக்கு எரிச்சல். அது பரவாயில்லை. ஆனா நான் கேள்விக்குறி போட்ட கட்டத்தில நீர் கை வைக்கக்கூடாது."

"அப்பாதானே முப்பத்தொண்டு எண்டவர்."

"கொப்பர் மற்ற எல்லாத்துக்கும் கண்ணை மூடி யோசிச்சவர். உதுக்கு மட்டும் யோசிக்கேல்லை. யோசிக்காமச் சொல்லுற திகதி பாடமாக்கின திகதி, பிள்ளை."

அடுத்த சனிக்கிழமை, எழும்பி நடக்க ஏலாத நிலையிலும் லோன்றி அறைக்கு வந்தார். அப்பாவை முன்னால் இருத்தி, மெல்லக் கேட்டார்: "கடைசி அறை. கடைசி நாள். ஆரார் படுத்திருந்தவை?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, நீ கொஞ்சம் காருக்குள்ள இரு."

இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். என் அப்பாவின் ஏதோ ஒன்று அந்த நிலக்கீழ் அறையில் வேறொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கார் ஓடத் தெரிந்தவள் என்பதைத் தவிர எனக்கு அதில் பங்கில்லை. அப்பா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. விட்பி வரைக்கும் நித்திரை மாதிரிக் கிடந்தார்.

இரண்டு நாள் கழித்து அன்ரி எனக்குப் போன் எடுத்தார். "யோகன் இப்ப பிறம்ரனில இருக்கிறார். அவர்ர கலண்டர்த் தாளும் என்ர பெட்டிக்குள்ள கிடக்கு. கொப்பர் முதலாம் திகதி ஒரு நாள் வேலை செய்திருக்கிறார். அந்தச் சம்பளத் துண்டு பிறகுதான் அறைக்கு வந்திருக்கும். யோகனைக் கேட்டுப் பாரும்."

"அப்பாவே போகலாமே?"

"கொப்பர் போகமாட்டார்."

"ஏன்?"

"உது என்ர கதையில்லை."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரில் இருந்த கோபத்தில், மரியாதை என்ற ஒன்று கலந்தது அன்றைக்குத்தான்.

வேலை முடிந்து போனேன். யோகன் அங்கிள் ட்ரக் ஓடுபவர், கதவு நிறைந்த ஆள். அப்பாவின் பெயரையும் சம்பளத் துண்டையும் சொன்னதும் உள்ளே போய் ஒரு பழைய ஸூட்கேஸை இழுத்து வந்தார். அடியிலிருந்து ஒரு தாள். அப்பாவின் பெயர், ஒரே ஒரு நாள், முதலாம் திகதி.

"இவ்வளவு காலம் ஏன் வச்சிருந்தனீங்கள்?"

"பேர் போட்ட கடதாசியை எப்பிடிப் பிள்ளை எறியிறது?" என்றார். வாசல் வரை வந்து, "கொப்பர் இப்பவும் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனியோ?" என்று கேட்டார்.

"டயபெற்றிஸ் அங்கிள். சீனியே இல்லை."

"அப்ப ஆள் மாறித்தான் போனார்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அன்ரி படுக்கையில் இருந்தபடியே மறுப்பைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதில் வருவதற்கு முன் அவர் போய்விட்டார். பதில் இறுதிச்சடங்குக்கு முதல் நாள் வந்தது.

மண்டபத்தில் பெரிய வரிசை. எல்லோரும் அன்ரிக்குத் தங்கள் அறைகளைப் பற்றிச் சொன்னவர்கள். அப்பா சவப்பெட்டிக்குக் கிட்டப் போய், சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுக்கொண்டு, "அக்கா, பன்னிரண்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது அன்ரியின் மகன் அவருடைய கடதாசிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் கலண்டர் தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காரில் அப்பா அதை மடியில் விரித்து வைத்திருந்தார். ஹைவேக்கு ஏறினோம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, அந்தக் கடைசி அறையில ஆரார் படுத்திருந்தவை?"

இந்தமுறை என்னைப் போகச் சொல்ல அவருக்கு இடம் இல்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேர்தான் மிச்சம். நானும் யோகனும். ஆக்களைக் களவா அனுப்புற ஏஜென்சிக்காரனிட்டக் கனடாவுக்கு ஒரு இடம் இருந்தது. அது யோகன்ர முறை. அவனுக்கு நல்ல காய்ச்சல். அவன்ர வேலையை என்ர பேரில நான் போய்ச் செய்திட்டு வந்தன், முதலாம் திகதி. வந்து பார்த்தா ஏஜென்சிக்காரன் வாசலில நிக்கிறான். இப்ப வெளிக்கிட்டாச் சரி, இல்லாட்டி இல்லை எண்டான்." தாளைத் தடவினார். "யோகன் படுத்திருந்தான். நான் அவனை எழுப்பேல்லை. எழுப்பியிருந்தா எழும்பியிருப்பான், பிள்ளை."

யோகன் அங்கிள் கனடா வந்து சேர இன்னும் மூன்று வருடம் பிடித்ததாம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அப்பா முப்பத்தொராம் திகதியோடு நின்றுவிடுவார். முதலாம் திகதி என்று ஒரு நாளே இல்லை.

"அதாலதான் நான் பிறம்ரன் பக்கம் வாறேல்லை" என்றார்.

"நான் வெயர்ஹவுஸில நிக்கிறது உங்களுக்கு வெக்கம் எண்டு நினைச்சன்."

"உன்னிலயோ?" என்று கேட்டார், விளங்காத முகத்தோடு. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "நாளைக்கு நீ வேலைக்குப் போகேக்க நானும் வாறன். என்னை அவன்ர வீட்டடியில இறக்கிவிடு" என்றார்.

அன்ரி, உங்களுடைய கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தேன், திருப்பித் தரும் எண்ணம் இல்லை. பொறாமையும் போகவில்லை. அந்தக் கதையை முதலில் கேட்டவர் நீங்கள், நான் இரண்டாவது ஆள். அதை இனி மாற்ற முடியாது.

அடுத்த நாள் காலை யோகன் அங்கிளின் வாசலில் காரை நிறுத்தினேன். அப்பா இருக்கைப் பட்டியைக் கழற்றவில்லை. உள்ளே திரைச்சீலை விலகியது. அப்பா அசையவில்லை. நான் வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தேன்.

"காருக்குள்ள என்ன அப்பா அடைகாக்கிறீங்கள்? இறங்குங்கோ."

குரல் என்னுடையதுதான். ஆனால் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை உங்களைப் பார்த்தது. சிரித்தார், சத்தமாக. பிறகு கதவைத் திறந்தார்.

போய்வாருங்கள் அன்ரி. கார்ப்பிள்ளை வேலைக்குப் போகிறாள்.