சுத்த சைவம் மட்டும்

பர் துபாயில் ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேராக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆறாவது ஆள் சவுதியில் யான்புவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். காலியான பெட் ஸ்பேஸுக்கு நோட்டீஸ் எழுதுவது என் பொறுப்பு. அறையில் அதிகம் படிக்கிறவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவே நான் நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ஐரோப்பிய யூதர்களின் வரலாறு. தலையணை தடிமன். பொழுது சாய்ந்தால் அவர்களைத் தெருவோடு வைத்துக் கதவைப் பூட்டியது, சட்டையில் மஞ்சள் துணி தைக்கச் சொன்னது, கொள்ளைநோய் வந்தால் கிணற்றில் விஷம் வைத்தார்கள் என்று அடித்தது. எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது வாடை விஷயம். அவர்கள் உடம்பில் ஒரு வாடை உண்டு, ஞானஸ்நானம் கொடுத்தால் போய்விடும் என்று படித்தவர்களே நம்பியிருக்கிறார்கள். வாடைக்குச் சாட்சி தேவையில்லை. மூக்கைச் சுளித்தால் போதும்.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அறைக்கு எடுத்துச் சொல்வேன்.

“அவங்கதாண்ணே உலகத்தையே ஆட்டி வைக்கிறாங்க” என்பான் ஏசி மெக்கானிக்.

“நீ ஒருத்தரையாவது பாத்திருக்கியா?”

“பாத்ததில்ல. அதான் பயமே.”

அவனுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். கடைசியில் “கலாஸ்ணே, போதும், நல்லவங்கதான், விடுங்க” என்று கும்பிட்டான்.

நோட்டீஸ் இதுதான்: ‘தமிழ் பேச்சிலர். சுத்த சைவம் மட்டும்.’ வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்து பேரும் மட்டன் பிரியாணி சாப்பிட்டவர்கள். அந்த வரிக்கும் எங்கள் அடுப்புக்கும் சம்பந்தம் கிடையாது. அறையைத் தன் பேரில் எடுத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியின் ஏற்பாடு அது. “அப்படிப் போட்டா வேண்டாத ஆளு தானா வரமாட்டான். நாம யாரையும் வேண்டாம்னு சொன்ன பாவமும் இல்ல” என்பார். வேண்டாத ஆள் யார் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவர் பையோடு வந்தார். முப்பது வயதிருக்கும், எலக்ட்ரீஷியன். பலரோடு பங்கு போட்டுக் குடியிருந்த வில்லாவை மறுநாள் மத்தியானத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கழுத்தில் கறுப்புக் கயிறு, சின்னச் சிலுவை. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“கன்னியாகுமரி பக்கம், அண்ணே. கடக்கரை.”

“கடக்கரையா? இங்க சைவம்லா தம்பி. மீன் வாடை எங்களுக்கு ஆகாது.”

“எனக்கும் ஆகாது, அண்ணே. மீனு தின்னா மேலெல்லாம் தடிச்சிரும். கறியும் தொடமாட்டேன். எங்கப்பா கடலுக்குப் போறவரு. நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு பொறந்திருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லி அழுவாரு.”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் நோட்டீஸை நம்பி வந்த முதல் சுத்த சைவம் எதிரில் நின்றது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நாசூக்காகப் பொய் சொல்ல வேண்டிய இடங்களில் என்னைத்தான் பார்ப்பார். “பையை வைங்க தம்பி” என்று நான் சொல்லியிருந்தால், ஒரு நாள் முனகிவிட்டு எல்லோரும் டூட்டிக்குப் போயிருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

“அடடா, சாரி தம்பி. அந்த பெட் மத்தியானமே ஃபில் ஆயிடுச்சு” என்றேன்.

வந்தவர் விரிப்பில்லாத மெத்தையை ஒருமுறை பார்த்தார். “பரவால்ல அண்ணே. வேற எடம் தெரிஞ்சா சொல்லுங்க” என்று ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். போகும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துச் சாத்தினார்.

புத்தகத்தை எடுத்தேன். அதில் கதவைப் பூட்டுகிறவர்கள் ராஜாக்கள், பிஷப்புகள், தீப்பந்தம் பிடித்த கும்பல். ‘அடடா, சாரி’ சொல்கிறவன் எந்தப் பக்கத்திலும் இல்லை. இருந்திருப்பான். ஒரு ராஜாவுக்குத் தெருவுக்கு அஞ்சு பேராவது தேவைப்பட்டிருப்பார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களுக்காக வருத்தப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர்கள் பையோடு வந்து இடம் கேட்பதில்லை.

சனிக்கிழமைதான் தைரியம் வந்தது. “அண்ணாச்சி, அந்தப் பையனையே வரச் சொல்லட்டுமா?” என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உம் இஷ்டம்” என்றார். அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் இரண்டு நாள் யோசித்திருக்கிறேன்.

போன் போட்டு எந்த அறை என்று சொன்னேன். பின்னால் டிரில்லிங் சத்தம்.

“சொல்லுங்க அண்ணே! நேத்து சைட் ஸ்டோர்லதான் படுத்தேன். இன்னைக்குக் காலைல பாகிஸ்தான் பட்டாணிங்க ரூம்ல எடம் கெடச்சிருச்சு. கொறட்ட விடுவியான்னு மட்டுந்தான் கேட்டாங்க.”

“இல்ல, அந்த பெட்… வர்றேன்னு சொன்னவர் வரலை. நீங்க வர்றதுன்னா…”

“வேணாம் அண்ணே, இங்க செட் ஆயிட்டேன். ஆனா ஞாபகம் வச்சுக் கூப்பிட்டீங்க பாருங்க, பெரிய மனசு. இந்த ஊர்ல யாரு செய்வா?”

“உடம்பைப் பாத்துக்குங்க தம்பி” என்று வைத்துவிட்டேன்.

அவர் நம்பித்தான் சொன்னாரா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் முதலில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.