திரைக்குத் துண்டு போர்த்துகிறவள்

கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு துண்டைப் போர்த்திய பிறகுதான் அவள் பென்சிலை எடுப்பாள். கம்ப்யூட்டர் போட்ட விடை கண்ணில் பட்டால் கை தானாக அதையே எழுதிவிடுமாம். “பாவம், திரைக்கு ஜலதோஷம் பிடிச்சுடப்போகுது, கம்பளி இருக்கு, எடுத்துட்டு வரவா?” என்று கணவர் கேட்டுக்கொண்டே போவார். அவள் திரும்பமாட்டாள். ஒன்று, பூச்சியம், பூச்சியம், ஒன்று என்று உதடு மட்டும் அசையும்.

பிழைப்புக்கு, லிஃப்ட் செய்கிற கம்பெனியில் நிரல் எழுதுகிறாள். அதனால்தானோ என்னவோ, லிஃப்டில் ஏறினால் மாடி எண் காட்டும் விளக்கை நம்பமாட்டாள். கதவு திறந்ததும் வெளிச்சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே.

வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சந்தைக்கு வரும் புதுப்புதுக் கம்ப்யூட்டர் சில்லுகளில் புதுப்புதுக் கட்டளைகள் இருக்கும். மனிதர் எழுதும் கட்டளைச் சொல்லை, சில்லுக்குப் புரியும் எண்ணாக மாற்றிக் கொடுப்பது அசெம்ப்ளர் என்கிற கருவி. இவள் கைவைத்திருக்கும் அசெம்ப்ளர் உலகத்துக்கே பொதுச்சொத்து. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மேம்படுத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு சொல்லும் மனிதர் எங்கேயோ இருக்கிறார். இவள் முகம் பார்த்ததில்லை. வாசல் கேட்டில் நின்று உள்ளே விடுகிறவர் மாதிரி என்பதால், வீட்டில் அவருக்கு ‘கேட்டுக்காரர்’ என்று பெயர்.

இந்தத் தடவை அவள் சேர்த்தது தம்பிக்காக. அவன் காதுக்கருவி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். வந்த ஒலியிலிருந்து எதிரொலியைக் கழிக்க ஒரே கட்டளை போதும் என்கிற புதுச் சில்லு ஒன்றை நம்பி இறங்கிவிட்டான். கருவிகளை வாங்குவதாகச் சொன்ன மருத்துவமனையோ, முறையாக வெளியான அசெம்ப்ளரில் செய்ததைத்தான் தொடுவோம் என்று சொல்லிவிட்டது. அடுத்த வெளியீட்டுக்கான சேர்க்கை நாளை மறுநாள் மாலை மூடுகிறது. விட்டால் இன்னும் அரை வருஷம். அவள் அவசர அவசரமாகக் கட்டளையைச் சேர்த்து அனுப்பினாள். கேட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். தம்பி குதித்தான்.

குதித்தவனே காலையில் தொங்கிய முகத்தோடு வந்து நின்றான். கருவி விசிலடிக்கிறதாம். பிரித்துப் பிரித்துப் பூட்டியும் நிற்கவில்லையாம். தன் கைதான் சரியில்லை என்று நொந்துகொண்டான். அவள் சோதனைகளை ஓடவிட்டாள். எல்லாம் தேறின. தேறியதுதான் அவளுக்கு உறுத்தியது. அவசரத்தில் இந்த முறை துண்டு போர்த்தவில்லை. அசெம்ப்ளர் சொன்ன எண்ணையே சரியான விடை என்று எடுத்து எழுதியிருந்தாள்.

துண்டைப் போர்த்தினாள். சில்லு செய்தவர்களின் கையேட்டைப் பார்த்து அந்தக் கட்டளைக்குக் கையால் எண் போட்டாள். துண்டை விலக்கினால், எதிலிருந்து கழிப்பது, எதைக் கழிப்பது என்ற இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. எதிரொலியை அடக்கவேண்டியது அதை ஏற்றிவிட்டிருக்கிறது. சொல்லை எண்ணாக்குவதும், அந்த எண்ணை மறுபடி சொல்லாக்கிச் சோதிப்பதும் அவள் எழுதிய ஒரே அட்டவணையைப் பார்த்துத்தான். அட்டவணை பிசகினால் இரண்டும் கூடிப் பேசிக்கொண்டு ஒரே பொய்யைத்தானே சொல்லும்?

தப்பு தன் கையில் இல்லை என்றதும் தம்பிக்கு உயிர் வந்தது. அனுப்பியது அப்படியே இருக்கட்டும் என்றான். கேட்டுக்காரர் கண்ணிலேயே படாதது வேறு யார் கண்ணில் படப்போகிறது என்று கேட்டான்.

“என் நிரல்ல ரெண்டையும் நானே மாத்திப் போட்டுக்கறேன்க்கா. சத்தம் போடாம விட்டுடு. இப்போ திருப்பி வாங்கினா என் ஆர்டர் போச்சு.”

“நீ மாத்திப் போடுவே. உன்னைப் பாத்து நாலு பேர் மாத்திப் போடுவாங்க. அப்புறம் நான் திருத்தினா அத்தனை பேர் காதுலயும் விசிலடிக்கும். அப்போ திருத்தவும் முடியாது, விடவும் முடியாதுடா.”

சொல்லிக்கொண்டே, நான் அனுப்பியது தப்பு, சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்காரருக்கு எழுதிப் போட்டுவிட்டாள். ஊரே பார்க்கிற இடத்தில். தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டான். கேட்டுக்காரரிடமிருந்து வந்த பதில் சின்னது: நாளை மூடுவதற்குள் வரட்டும், கையால் கணக்கிட்ட சோதனைகளோடு வரட்டும், சரியாக இருந்தால் சேர்க்கிறேன்.

அவள் கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். அட்டவணையைத் திருத்தினாள். பிறகு அந்தக் கட்டளையின் ஒவ்வொரு வடிவத்துக்கும் கையால் எண் போட உட்கார்ந்தாள். கையேட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்ததில் கண் பூத்தது. வரி தவறியது, அழித்தாள், மறுபடி போட்டாள். சமையலறைக் கதவிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். கோபம் கொஞ்சமும் குறையாமல் வந்து, கையேட்டை அவள் கையிலிருந்து பிடுங்கி, உரக்கப் படிக்க ஆரம்பித்தான். அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் ஒன்று, பூச்சியத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

மாலைக்குள் எல்லாம் பொருந்தின. அனுப்புமுன் குறிப்பு எழுதவேண்டும். பிழை எது, யாருடையது என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். பிழையைக் கண்டு சொன்னவர் பெயரைப் போடுவது இந்த வேலையில் வழக்கம். அங்கே தம்பியின் பெயரைத் தட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

“என் பேர் எதுக்கு? மூடி மறைக்கச் சொன்னவன் நான்தானே.”

“விசிலடிக்குதுன்னு சொன்னது யாரு?”

அவன் அந்த வரியை அழிக்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையில் ஓர் அடி வைத்துவிட்டு, அனுப்பும் விசையை அழுத்தினாள்.