மழைக் காலையில் மிஸ் அடித்த கார்

1. இரண்டு வார்த்தை

வக்கீல் சார் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "பெட்ரோல்ல கிருஷ்ணாயில் கலந்தா ப்ளக் இப்படித்தானே கறுப்பா ஆகும்?"

"ஆகும் சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையில் ஒருத்தருக்கு வேலை போயிற்று. அவர் பெயர் ஆரோக்கியசாமி. சாந்தோம்காரர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், சாருக்குப் பதினோரு வருஷமாக ட்ரைவர். நான் லஸ் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தொழில் கைக்கு வந்துவிட்ட திமிர் இருந்த வயசு.

யுத்த காலம் அது. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். கூப்பன் பெட்ரோலை வெளியே விற்றுவிட்டு டாங்கில் கிருஷ்ணாயிலை ஊற்றி அளவு காட்டிய ட்ரைவர்கள் ஊரில் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மண்ணெண்ணெயைத்தான் அப்போது அப்படிச் சொல்வோம். அது கலந்த வண்டி காலையில் லேசில் கிளம்பாது. இருமும், மிஸ் அடிக்கும், சூடான பிறகு ஒழுங்காக ஓடும். சாரின் நாலு சிலிண்டர் சீமைக் கார் அந்த ஐப்பசியில் அச்சாக இதையே செய்தது. கோர்ட்டுக்கு இரண்டு தரம் லேட். சாருக்கு ட்ரைவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. வண்டியோடும் ட்ரைவரோடும் அவரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

வந்தது நல்ல வெயில் அடித்த மத்தியானம். வண்டி கிண்ணென்று ஓடியது. ப்ளக்குகளைக் கழற்றினேன், நாலிலும் கரி. அப்போதுதான் அந்தக் கேள்வியும் என் பதிலும்.

ஆரோக்கியண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மாதா மேல ஆணை, நான் ஒரு சொட்டு கலக்கல. வேற இன்னாவாச்சும் கீதான்னு பாரு."

வேறென்ன இருக்கும்? இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அந்த வண்டியில், ப்ளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் செட் செய்து அனுப்பியிருந்தேன். நான் கைவைத்த இடத்தில் கோளாறு இருக்குமா என்ற கொழுப்பு. "எல்லாம் பாத்தாச்சுண்ணே" என்றேன். பார்க்கவே இல்லை.

"போலீசுக்குப் போகாம விடறேன், அதுவே ஜாஸ்தி. சாவியை வெச்சுட்டுப் போ" என்றார் சார். அண்ணன் சாவியை வைத்துவிட்டுக் கச்சேரி ரோடு பக்கமாக நடந்து போனார்.

பெட்ரோல் திருடன் என்று பேர் வாங்கிய ட்ரைவரை எந்த வீட்டிலும் வைக்கமாட்டார்கள். மயிலாப்பூரில் அந்தப் பேச்சு பரவ ஒரு நாள் போதும்.

2. கதவைச் சாத்திய ஷெட்

புது ட்ரைவர் வந்தான். பங்க்கில் சாரே பக்கத்தில் நின்று பெட்ரோல் போடவைத்தார். நாலாம் நாள் விடாத மழை. அபிராமபுரத்தில் சார் வீட்டிலிருந்து காலையிலேயே ஆள் வந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லையாம். டூல் பையை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே அங்கே ஓடினேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி. காயிலிலிருந்து வரும் மின்சாரம் மூடியின் நடு வயர் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே ரோட்டர் சுற்றிக்கொண்டே, ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று முறை தப்பாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொடுக்கும். மூடி பேக்கலைட், மின்சாரத்தைக் கடத்தாத பொருள். அது சுத்தமாகக் காய்ந்து இருக்கும்வரை வம்பில்லை. அழுக்கும் ஈரமும் சேர்ந்து மேலே ஒரு பாதை போட்டுவிட்டால், இலைக்குப் போகவேண்டியது தரையில் கொட்டும்.

கசிவைப் பார்க்க இருட்டு வேண்டும். சார் வீட்டுக் கார் ஷெட் கதவைச் சாத்திவிட்டுப் புது ட்ரைவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மூடியின் நடுவிலிருந்து ஓரத்து இரும்பு கிளிப்வரை நீலமாக ஒன்று ஊர்ந்தது. டார்ச் அடித்தேன். மூன்று கோடாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு கோடு வழிந்து கிளிப்பைத் தொட்டுக் கருகியிருந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு அந்தக் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. ஸ்பானர், வைஸ், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவன் நான். பாயின்ட் செட் செய்து முடித்த பெருமையில் அந்த மூடிக்கும் மூன்று விரலால் தாராளமாக ஒரு பட்டை போட்டேன். மழை வந்ததும் அது ஈரத்தைக் குடித்தது. ஸ்பார்க் கிளிப் வழியாக எர்த்துக்கு ஓடியது. எரியாத பெட்ரோல் ப்ளக்கில் கரியானது. எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்தால் வண்டி சரியாகிவிடும். கிருஷ்ணாயில் கலந்த வண்டியின் அதே குணம்.

சார் கதவைத் திறந்துகொண்டு குடையோடு நின்றார். "என்னப்பா, இவனும் கலக்கறானா?"

என் கையில் துணி இருந்தது. ஒரு துடை துடைத்தால் வண்டி கிளம்பும், எனக்கும் கெட்டிக்காரன் என்று பேர். உண்மையைச் சொன்னால் எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பலாம். பொய் சொல்வானேன், துணி மூடிவரைக்கும் போய்விட்டது.

"சார், உள்ள வந்து பாருங்க. இது நான் வெச்ச சந்தனம்."

விளக்கிச் சொன்னேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னிக்கே ஏன் இதைப் பாக்கலை?"

"நான் செட் பண்ணதாச்சேன்னு விட்டுட்டேன் சார்."

"ஆத்துல எல்லார்கிட்டயும் அவனைத் திருடன் திருடன்னு சொல்லிண்டிருந்தேனே" என்றார். அப்புறம், "துடைச்சு மாட்டு. நீயும் கார்ல ஏறு."

3. சாந்தோம்

ஆரோக்கியண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்து, காக்கிச் சட்டையிலிருந்து பித்தளைப் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டை இனி எதற்கு என்று நினைத்திருப்பார்.

சார் சுற்றி வளைக்கவில்லை. "ஆரோக்கியம், நீ ஒண்ணும் கலக்கலை. தப்பு என்னோடது. நாளைக்கு வந்துடு."

"வர்றேன் சார். ஆனா லஸ் முனையில ட்ரைவருங்க நிக்கிறாங்க பாருங்க, அவுங்க முன்னால நீங்க ஒரு வார்த்த சொல்லணும்." மறுநாள் சார் கோர்ட் கோட்டோடு அங்கே இறங்கிச் சொன்னார்.

அன்றைக்கு அந்த வீட்டிலேயே நானும் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சட்டையைக் கீழே வைத்தார்.

"தெனிக்கும் எஞ்சினத் தொடைக்கிறவன் நான், தம்பி. அந்தச் சந்தனத்தப் பாத்தேன். தொடைக்கலாம்னு துணிய எடுத்துக்கினு போனேன். உங்க சாமிக்கு வெச்சது, என் கை படக்கூடாதுன்னு வுட்டுட்டேன்."

என் சாமிக்கு அவர் கொடுத்த மரியாதையில் கால்வாசிகூட நான் அவர் பேச்சுக்குக் கொடுக்கவில்லை.

முதலாளி என்னை ஒரு வாரம் வண்டி கழுவப் போட்டார், அத்தோடு விட்டார். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாரிடம் நான் சொன்ன பதில் பொய்யில்லை. வேறு காரணத்தாலும் ப்ளக் கறுக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டேன், அதுதான் பாவம். ஒரு ஆள்மேல் பழி விழுகிற கோளாறு என்றால், கடைசியாக நீங்கள் கைவைத்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணனே காரைக் கொண்டுவந்தார். சந்தனக் கிண்ணத்தோடு நான் போனபோது எஞ்சினை மூடிய பானெட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ரேடியேட்டர்ல வை தம்பி, எவ்ளோ வேணும்னாலும் வை. இத்த மட்டும் நான் தொறக்கமாட்டேன்."